வாகையா, புங்கையா?

நெடுங்குளம் ஜமீன்தாருக்கு மொட்டை மரத்தைக் கண்டாலே ஆகாது. ஒரு மார்கழிக் காலையில் தோட்டத்துக்கு வந்தவர், புங்கை அடர்ந்து நிற்பதையும் பக்கத்தில் வாகை ஓர் இலைகூட இல்லாமல் நிற்பதையும் பார்த்துவிட்டார். தோட்டக்காரி மாடத்தியைக் கூப்பிட்டார்.

"நாளை விடிவதற்குள் வாகையும் புங்கையைப் போலத் தழைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மரத்தையும் வெட்டுவேன், உன்னையும் வேலையை விட்டு அனுப்புவேன்."

தான் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தை விட்டுக்கொடுப்பதாக மாடத்தி இல்லை. மறுநாள் காலை ஜமீன்தாரின் நாற்காலியைப் புங்கையடியில் போட்டுவைத்தாள். மரம்வெட்டிகளோடு வந்து உட்கார்ந்தவருக்குக் கொஞ்ச நேரத்தில் பல் தந்தியடித்தது. தானே நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் வாகையடியில் வெயில் காய்ந்தார்.

"எசமான், இப்போதே தழைக்கச் சொல்லட்டுமா? தழைத்தால் இந்த வெயில் போய்விடும்" என்றாள் மாடத்தி.

மரம்வெட்டிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"சித்திரை வெயிலுக்கு என்ன செய்வாய்?" என்று உறுமினார் ஜமீன்தார்.

"அதற்குள் இரண்டுமே தழைத்துவிடும், எசமான். புங்கை மாசியில் உதிர்த்து உடனே துளிர்க்கும். குளிர்காலத்தில் வெயிலுக்கு வழிவிடுவது வாகைதான்."

ஜமீன்தார் மரம்வெட்டிகளைத் திருப்பி அனுப்பினார். அவர் மட்டும் உச்சிவேளை வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.