ராஜா வாசல்ல செல்லாத காசு

முன்னொரு காலத்துல நெடுங்கரைன்னு ஒரு நாட்டைக் கடம்பராயன்னு ஒரு ராஜா ஆண்டுகிட்டு இருந்தான். ஆண்டான்னு பேருதான்! மூணு தலைமுறையா வடக்கே இருந்த பேரரசனுக்குக் கப்பம் கட்டியே ஓடாத் தேஞ்சு போன நாடு அது. கடைசியில சனங்க ஒண்ணா நின்னு, பேரரசன் படையை ஆத்துக்கு அந்தப் பக்கம் விரட்டி விட்டாங்க. நாடு விடுதலை ஆயிடுச்சு.

ராஜாவுக்குத் தலைகால் புரியலை. முதல் வேலையாத் தன் மூஞ்சியைப் பொறிச்சு வெள்ளிக்காசு அடிச்சான். "இனிமே இதுதான் நம்ம காசு. வாங்க மாட்டேன்னு எவன் சொன்னாலும் பத்துக் கசையடி!"ன்னு தண்டோரா போட்டான். சேவகருக்குச் சம்பளம், அரண்மனைக்கு வாங்குற அரிசி பருப்பு, எல்லாத்துக்கும் மூஞ்சிக்காசுதான்.

அதுவரைக்கும் சரி. பொக்கிஷத்தைப் பாத்துக்கிட்ட அரங்கப்பருக்குத்தான் புத்தி வேற மாதிரி போச்சு. ராஜா சேவல் சண்டையில மூழ்கிக் கெடந்த நேரம் பாத்து ஒரு ஓலையை நீட்டினாரு. வரியை மட்டும் பேரரசனோட பழைய ஆனைக்காசுலதான் வாங்கணும்னு அதுல எழுதியிருந்துச்சு. ராஜா படிக்கவே இல்லை. "சரி, சரி"ன்னு முத்திரையைக் குத்திட்டான்.

என்ன அநியாயம் பாருங்க! குடுக்கும்போது ஒரு காசு, வாங்கும்போது வேற காசு! ஆனைக்காசுக்குச் சனங்க எங்கே போவாங்க? காசு மாத்துற கடைக்குத்தான் போகணும். அந்தக் கடை யாரோடது? அரங்கப்பர் மச்சானோடது! நாலு மூஞ்சிக்காசு குடுத்தா ஒரு ஆனைக்காசு. சொல்லும்போதே எனக்கு வயிறு எரியுது.

அந்த ஊர்ல செக்கு ஆட்டிப் பொழச்சவ காத்தாயி. அவ புருஷன் ஆத்தங்கரைச் சண்டையில செத்துப் போனான். அதுக்காக அரண்மனை குடுத்தது இருபது மூஞ்சிக்காசு. செக்கு வரியும் இருபது. அதை அப்படியே வரி வாங்குற சாவடிக்குக் கொண்டு போனா, "இது செல்லாது"ன்னு தள்ளிவிட்டு, செக்குமாட்டை அவுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் ஏலம். மாடு போனா அவளுக்கும் ரெண்டு பிள்ளைங்களுக்கும் கஞ்சி ஏது?

காத்தாயி அழலை. விடிஞ்சதும் நேரா சபைக்குப் போனா.

"மகாராஜா, இந்தக் காசு பித்தளைன்னு கடைத்தெருவுல சிரிக்கிறாங்க. உங்க மூஞ்சியைக் கேலி பேசுறாங்க. எனக்குப் பொறுக்கலை" என்றா.

ராஜாவுக்கு மீசை துடிச்சுது. "எவன் சொன்னான்?"

"அது கெடக்கட்டும் சாமி. காசு விவரம் தெரிஞ்சவர் இங்கேயே இருக்காரே, அரங்கப்பர் ஐயா. அவர் வாயால சொல்லட்டும்."

அரங்கப்பர் நெஞ்சை நிமித்திக்கிட்டு எழுந்தாரு. "சுத்த வெள்ளி! ஆனைக்காசைவிட ஒரு குன்றிமணி எடை கூடவே இருக்கு."

"அப்போ ஆனைக்காசு செல்ற எடத்துல எல்லாம் இதுவும் செல்லுமா ஐயா?"

"செல்லாம? மகாராஜா காசு எங்கேயும் செல்லும்!"

காத்தாயி முந்தானை முடிச்சை அவுத்தா. "இந்தாங்க இருபது. என் செக்கு வரி. மாட்டை விடுங்க."

நீட்டின கை அப்படியே நிக்குது. அரங்கப்பர் கை மட்டும் பின்னாடி போயிடுச்சு.

"வாங்குமய்யா!" என்றான் ராஜா.

"மகாராஜா... வரிக்கு மட்டும்... ஆனைக்காசு..."

"எவன் போட்ட உத்தரவு அது?"

"முத்திரை தங்களோடது, மகாராஜா."

காத்தாயிக்குப் பொங்கிக்கிட்டு வந்துச்சு. "இது என் வீட்டுக்காரர் உயிருக்கு நீங்க குடுத்த காசு. உங்க வாசல்லயே செல்லாத காசை எதுக்கு எங்க கையில குடுத்தீங்க? நீங்களே வாங்கலேன்னா வேற எவன் வாங்குவான்?"

ராஜா தலை குனிஞ்சான். கசையடி கொடுத்தானான்னு கேக்குறீங்களா? அரங்கப்பரை அடிச்சா, முத்திரை குத்தின கையையும் அடிக்கணுமே! கசையை உள்ளே வைக்கச் சொல்லிட்டான். அதுல எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கலை. ஆனா அப்பவே புது உத்தரவு போட்டான். இனி வரி மூஞ்சிக்காசுல மட்டும்தான். மச்சான் கடைக்குப் பூட்டு. அரங்கப்பர் ஒரு வருஷம் சாவடியில நின்னு, வர்ற ஒவ்வொரு காசையும் ரெண்டு கையால வாங்கிக் கண்ணுல ஒத்திக்கணும்.

மாடு வந்து சேர்ந்துச்சு. "இவளுக்கு நூறு காசு வெகுமதி!" என்றான் ராஜா. பொக்கிஷத்துலேருந்து ஒரு பையைத் தூக்கிட்டு வந்தாங்க. காத்தாயி அவுத்துப் பாத்துட்டு, திரும்பக் கட்டிக் கீழே வெச்சா.

"சாமி, இது நாம விரட்டி விட்டவனோட ஆனைக்காசு. நம்ம காசு குடுங்க."

பொக்கிஷம் முழுக்கத் தேடினாங்க. காத்தாயி கட்டின இருபதைத் தவிர ராஜா மூஞ்சி போட்ட காசு ஒண்ணுகூட இல்லை. அடிச்சதெல்லாம் சம்பளத்துக்கும் அரிசி பருப்புக்கும் போயிடுச்சு; வரியாத் திரும்ப வாங்கியிருந்தாத்தானே இருக்கும்!

"சரி, வரி வசூல் ஆனதும் சொல்லி அனுப்புங்க"ன்னு காத்தாயி மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டா. நாட்டுக்கே காசு அடிச்ச ராஜா, ஒரு செக்குக்காரிக்குக் கடன்காரனா நின்னான்.