முகம் தெரியாத அம்மாவின் படம்

"அம்மா முகமே ஞாபகம் இல்ல தாயி. அப்புறம் எதைப் பார்த்து வரையறது?"

அம்ப்ரோஸ் தூரிகையை மேசைமேல் விட்டெறிந்தார். பேரன் பேத்தி எடுத்த மனுஷன். பச்சைப்பிள்ளை மாதிரி உதடு துடித்தது.

அவருக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த டெல்மாவுக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். கனடாவில், பெரிய ஏரிக்கரையில் வாழும் ஓஜிப்வே பழங்குடிச் சனங்கள் அவர்கள். தங்கள் சனத்து ஓவியம் அவளுக்குக் கைவந்த கலை. தடித்த கறுப்புக் கோட்டில் உருவம் போடுவார்கள். உருவத்துக்கு உள்ளே இருப்பதும் வெளியே தெரியும். முயலைத் தின்ற நரி என்றால், வயிற்றில் முயல் இருக்கும்.

மறுநாள், இறந்துபோனவர்களுக்கு ஊர் கூடி விருந்து வைக்கும் நாள். அவரவர் வீட்டுப் படத்தின் முன்னால் சாப்பாடு வைப்பார்கள்.

அம்ப்ரோஸிடம் அம்மாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை. அஞ்சு வயசிலேயே சர்க்கார் ஆட்கள் வந்து, பழங்குடிப் பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது அம்மா மண்ணுக்குள்ளே. படுபாவிகள்! பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிடுங்க எப்படித்தான் மனசு வந்ததோ!

அவர் வரைந்திருந்ததை டெல்மா எட்டிப் பார்த்தாள். ஒரு கரடி.

"இது யாரு பெரியப்பா?"

"அம்மாதான். நாங்க கரடிக் குலமாச்சே!"

"அது உங்க அப்பா வழியா வந்த குலம். ஒரே குலத்துல நாம கட்டிக்க மாட்டோமே. அம்மா வேற குலமாத்தான் இருக்கணும்."

அவர் முகம் செத்துப்போனது. ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

"என்ன குலம்னுகூடத் தெரியலையே எனக்கு."

"விடுங்க. பொம்பளையாவே வரையுங்க. முகம் வேண்டாம்."

வரைந்தார். பாவாடையும் பின்னலுமாக ஒருத்தி பக்கவாட்டில் நின்றாள். கறுப்புக் கோடு மட்டும் அழகாக ஓடியிருந்தது.

டெல்மா அந்தக் கோட்டுக்குள்ளே விரல் வைத்துக் காட்டினாள்.

"உள்ளே ஒண்ணுமே இல்லையே?"

அம்ப்ரோஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவ உள்ளே என்ன இருந்துச்சுன்னு நான் யாரைப் போய்க் கேக்கறது? சொல்லு! அவளை அறிஞ்சவங்க ஒருத்தராவது உசுரோட இருக்காங்களா?"

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

டெல்மா அவர் கண்ணைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். தூரிகையை எடுத்து, அவர் விரல்களுக்குள் வைத்து மூடினாள்.

"ஏன் இல்ல பெரியப்பா? பத்து மாசம் உள்ளேயே குடியிருந்த ஆளு ஒருத்தர் இருக்காரே."