எல்லாப் படத்திலும் சிரிப்பு

"ஒரு வார்த்தை சொல்லலியேம்மா. பெத்த அப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

மடத்துக்கு வந்த நாளிலிருந்து தங்கப்பழம் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். சாமியம்மா ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை.

சாமியம்மாவுக்கு வயசு அதிகமில்லை. தங்கப்பழத்தின் மகளுக்கு அக்கா மாதிரி இருப்பார். ஊரே விழுந்து கும்பிடுகிற ஆள், தங்கப்பழத்தை மட்டும் அண்ணாச்சி என்று கூப்பிட்டு, இவருக்குச் சோறு போட்ட பிறகுதான் தான் சாப்பிட உட்காருவார்.

தங்கப்பழம் இரும்புக் கடை வைத்திருந்தவர். ஆனால் சொந்தபந்தம், சேக்காளிகளுக்கெல்லாம் அவர் கேமராக்காரர். எந்த வீட்டு விசேஷமென்றாலும் கழுத்தில் கேமராவோடு வந்து நிற்பார். அவர் எடுத்தால் உம்மணாமூஞ்சிகூட லட்சணமாகத் தெரியும் என்று பேர். அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இல்லாமல் என்ன.

அவர் அதிகம் படம் எடுத்தது மகள் செல்வக்கனியைத்தான். ஒரே பிள்ளை. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவள், மறு மாசமே உயிரை மாய்த்துக்கொண்டாள். புருஷன் அடிப்பான் என்று பக்கத்து வீட்டார் சொன்னதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஒருநாள் தங்கப்பழம் மகளின் படங்களைக் கொண்டுவந்து சாமியம்மா முன்னால் பரப்பினார்.

"நீங்களே பாருங்க. எதுலயாவது முகம் வாடியிருக்கா? இது கடைசிப் பொங்கலுக்கு எடுத்தது. எப்படிச் சிரிக்கா பாருங்க. மனசுல அவ்வளவு வேதனை இருந்தா இப்படிச் சிரிப்பாளா?"

சாமியம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பொங்கல் படத்தை மட்டும் சீக்கிரம் கீழே வைக்கவில்லை.

"நல்லா எடுத்திருக்கீங்க அண்ணாச்சி."

தங்கப்பழத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதீங்க? அப்பன்மேல அவளுக்கு நம்பிக்கை இல்லாமப் போச்சா? அதைச் சொல்லுங்க. அது தெரியாம எனக்குச் சோறு இறங்கல, தூக்கம் வரல."

"கேமரா வச்சிருக்கீங்களா?"

"பையில கெடக்கு. அவ போனதுக்கப்புறம் தொடல."

"என்னை ஒரு படம் எடுங்க."

தங்கப்பழம் திகைத்துப்போனார். படம் எடுக்கட்டுமா என்று வந்து நின்ற பெரிய பெரிய ஆட்களையெல்லாம் விரட்டிவிட்டவர் சாமியம்மா.

மனசில்லாமல்தான் கேமராவை எடுத்தார். ஆனால் கைப்பழக்கம் எங்கே போகும்?

"மூஞ்சியில வெயில் விழுது. இப்படி நிழலுக்கு வாங்க."

வந்தார்.

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்க."

இறக்கினார்.

"ரொம்ப வேண்டாம். ஆங், அப்படித்தான். அசையாதீங்க."

பாவம், கொஞ்ச நேரம் மகளைக்கூட மறந்துவிட்டார். ஒற்றைக் கண்ணை மூடி, மறு கண்ணைக் கேமராவில் வைத்தார்.

சாமியம்மா வாய் திறந்தார்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு..."

"பேசாதீங்கம்மா, படம் கெட்டுரும். சிரிங்க."

சாமியம்மா வாயை மூடிக்கொண்டார். சிரித்தார்.

நல்ல சிரிப்பு. பொங்கல் படத்தில் இருக்கிற அதே சிரிப்பு.

தங்கப்பழத்தின் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது. பொங்கலன்று காலையில் வாசல் கோலத்துக்குப் பக்கத்தில் அவர் நிறுத்திவைத்த செல்வக்கனியும் "அப்பா, உங்ககிட்ட" என்றுதான் ஆரம்பித்தாள்.

கேமராவை இறக்கினார். மண்ணில் உட்கார்ந்தார்.

"சொல்ல வந்தாம்மா," என்றார்.