தங்கமீனுக்கு ஒரு வரன்

"எந்த மீனோட எந்த மீன் சேரும்னு உனக்கு எப்படிம்மா தெரியுது?"

கேட்டவர் வேதாசலம். அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷமாகப் பெரம்பூரில் கல்யாணத் தரகர்.

கேட்கப்பட்டவள் ஜெசிந்தா. அவர் வயதில் பாதிதான் இருக்கும். கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருந்தாள். அவள் சேர்த்துக் கொடுத்த மீன்கள் சண்டை போடாது என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு. சேராது என்று பட்டால் விற்க மாட்டாள். கெஞ்சினாலும் விற்க மாட்டாள்.

"மீன் வாங்க வந்தீங்களா சார்?"

"இல்லம்மா. கத்துக்க வந்தேன்."

"அப்போ கிளம்புங்க. ஞாயித்துக்கிழமை அதுவுமா உயிரை எடுக்காதீங்க."

கிளம்பினார். மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். வருகிறவர்களெல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் ஜெசிந்தா வலையைக் கீழே வைத்தாள்.

"யாருக்காக சார் இதெல்லாம்? தொழிலுக்கா?"

"தொழிலுக்குத்தான்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேதாசலம் வரன்களைக் குறித்துவைக்கும் நீல நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "என் பொண்ணுக்கு. இந்துமதின்னு பேரு. சோளிங்கர்ல கட்டிக் கொடுத்தேன். நானே பார்த்து முடிச்ச இடம். பத்துக்கு ஒன்பது பொருத்தம். மூணு வருஷம் நல்லாத்தான் இருந்தா. திடீர்னு ஒரு பையோட வந்து நிக்கிறா. நாப்பது நாளாச்சு."

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லையாம். எப்போ கேட்டாலும் ஒண்ணுமில்லப்பா. தாயில்லாத பொண்ணு, நான் யாரை விட்டுக் கேக்கச் சொல்றது? வெள்ளிக்கிழமை சம்பந்தி வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார். அதுக்குள்ள எனக்கு ஒரு வழி தெரியணும். சேர்ந்து இருக்கிறதுக்கு ஒரு சூட்சுமம் இருக்கும்ல? அது உனக்குத் தெரியும்னு சொல்றாங்க."

ஜெசிந்தா பெருமூச்சு விட்டாள். அது இரக்கத்தில் விட்டதா, எரிச்சலில் விட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் கடையின் நடுவில் இருந்த ஒரு காலித் தொட்டிக்குப் போனாள். அதில் ஒரே ஒரு தங்கமீனை விட்டாள். குண்டு உடம்பு. முந்தானை மாதிரி நீண்ட வால். மெதுவாக, அசைந்து அசைந்து நீந்தியது.

"இதுக்கு நீங்களே ஒரு வரன் பாருங்க," என்றாள்.

வேதாசலத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. நீல நோட்டைப் பிரித்தார். கடை முழுக்கச் சுற்றினார். ஒரு மணி நேரம் கழித்து, கப்பி மீன்கள் முன்னால் நின்றார்.

"இது. சின்னது. சாது. யார் வம்புக்கும் போகாது."

ஜெசிந்தா நான்கு கப்பிகளைப் பிடித்துத் தொட்டியில் விட்டாள்.

மறுநாள் காலை ஒன்றுதான் இருந்தது.

"மீதி மூணு எங்கேம்மா?"

அவள் தங்கமீனின் வயிற்றைக் காட்டினாள்.

"இதுவா? இந்தப் பூனையா?"

"வாய்க்குள்ள போற அளவுல எது வந்தாலும் தின்னும் சார். அதுக்குக் கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"கேட்டீங்களா?"

மிச்சமிருந்த கப்பியை எடுத்து அதன் கூட்டத்தோடு விட்டாள். வேதாசலம் நோட்டில் 'உருவம் முக்கியம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

அடுத்து அவர் தேர்ந்தெடுத்தது சக்கர் மீன். கறுப்பாக, தரையோடு ஒட்டிக்கொண்டு, கண்ணாடியில் படிந்த பாசியைத் தின்றுகொண்டிருந்தது.

"வாய்க்குள்ள போகாது. உழைப்பாளி. தான் உண்டு தன் வேலை உண்டுன்னு இருக்கு. இதைவிட என்ன வேணும்?"

ஜெசிந்தா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். விட்டாள்.

மறுநாள் தங்கமீனின் விலாவில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சிவந்த வட்டம் இருந்தது.

"என்ன இது?"

"கண்ணாடியை நக்கினது போதாதுன்னு இதை நக்கியிருக்கு. தங்கமீன் மெதுவா போறதுதானே? தப்பிக்கத் தெரியாது. காலைல நான் வந்து பார்த்தப்போ ஒட்டிக்கிட்டிருந்தது. பிரிச்சு எடுத்தேன்."

வேதாசலம் நோட்டை மேஜைமேல் அடித்தார். "என்னம்மா விளையாடுறியா? வியாழக்கிழமையாச்சு. நாளைக்கு அவங்க வந்துருவாங்க. ஒரே வார்த்தைல சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"யார் சார் விளையாடுறது? வாசல்ல நின்னு என் வியாபாரத்தைக் கெடுத்தது நீங்க. மூணு கப்பி போச்சு. ஒரு தங்கமீனுக்குப் புண்ணு. எனக்கு மட்டும் பொழுது போகாமலா இதைச் செய்றேன்?"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் வேதாசலம் எழுந்து போய் ஒரு தொட்டியைத் தட்டிக் காட்டினார். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் மீன்கள். சுறுசுறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"வாய்க்குள்ள போகாது. உடம்புல ஒட்டாது. இரை ஒண்ணு, தண்ணி ஒண்ணு. பார்க்கவும் லட்சணமா இருக்கு. இதுல ஒரு குறை சொல்லு பார்க்கலாம்."

அவள் குறை சொல்லவில்லை. ஐந்து பார்ப்களைப் பிடித்துத் தொட்டியில் விட்டாள்.

"இன்னிக்கு முழுக்க இங்கேயே இருங்க. பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"இருக்கேன்."

இருந்தார். ஆனால் அவருடைய இருப்பு தரகர் இருப்பு. போன் வந்தால் வெளியே போய்விடுவார். டீ குடிக்கப் போவார். திரும்பி வந்து தொட்டி முன்னால் குனிந்து பார்ப்பார். ஆறு மீன்களும் கண்ணாடிப் பக்கம் வந்து, பக்கத்தில் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். அவருக்கு மனம் குளிரும். மறுபடி போன் வரும்.

மூன்று மணிக்கு அவர் கல்லாவுக்கு வந்து நின்றார்.

"முடிஞ்சுதும்மா. ஜாடிக்கேத்த மூடி. எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா? எட்டு தடவை. எட்டு தடவையும் ஒண்ணா நிக்குது. ஒரு உரசல் இல்லை."

"வாலைப் பார்த்தீங்களா?"

"வாலுக்கென்ன? ஓரம் கொஞ்சம் பிசிறா இருக்கு. முன்னாடியே அப்படித்தான் இருந்திருக்கும்."

ஜெசிந்தா கண்ணை மூடித் திறந்தாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப்போய், தொட்டிக்குப் பக்கவாட்டில், சிமெண்டுத் தூணுக்குப் பின்னால் போட்டாள். அங்கிருந்து தொட்டி தெரியும். தொட்டியில் இருப்பவற்றுக்கு அவர் தெரிய மாட்டார்.

"உக்காருங்க. போனைக் குடுங்க."

"போனா?"

"குடுங்க சார்."

கொடுத்தார்.

"அசையக் கூடாது. பேசக் கூடாது."

முதல் பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. வேதாசலத்துக்கு முதுகு வலித்தது. இந்தப் பெண்ணிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். கொசு கடித்தது. இன்னும் ஐந்து நிமிஷம் பார்ப்போம், பிறகு எழுந்து போய்விடுவோம் என்று முடிவு செய்தார்.

அப்போது ஒரு பார்ப் தங்கமீனின் பின்னால் போய் வாலைச் சுண்டி இழுத்தது.

தங்கமீன் திரும்பியது. அது திரும்பி முடிப்பதற்குள் இரண்டாவது பார்ப் வந்து இழுத்துவிட்டுப் போனது. பிறகு மூன்றாவது. அவசரமே இல்லை. போகிறபோதும் வருகிறபோதும் ஒரு இழுப்பு.

தங்கமீன் தொட்டியின் பின்மூலைக்குப் போனது. அங்கே காற்றுக் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சந்து. அதற்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு, வாலைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

வேதாசலம் எழப் போனார். தூரத்திலிருந்து ஜெசிந்தா கையைக் காட்டினாள். உட்கார்ந்தார்.

அப்படியே அரை மணி நேரம். தங்கமீன் சந்தை விட்டு வெளியே வரவில்லை.

பிறகு ஜெசிந்தா எழுந்தாள். வாடிக்கையாளர் நடந்து வருவதுபோலக் கடை வாசலிலிருந்து நேராக நடந்து வந்து, தொட்டி முன்னால் நின்று குனிந்தாள்.

பார்ப்கள் ஐந்தும் முன்னால் வந்தன. சந்திலிருந்து தங்கமீனும் வந்தது. பார்ப்களுக்குப் பக்கத்தில் நின்றது. வாலை ஆட்டியது. வாயைத் திறந்து திறந்து மூடியது.

வேதாசலம் ஸ்டூலிலிருந்து எழவில்லை.

சோளிங்கருக்கு அவர் மூன்று வருஷத்தில் ஒன்பது முறை போயிருக்கிறார். ஒன்பது முறையும் போன் செய்துவிட்டுத்தான் போனார். ஒன்பது முறையும் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். வாங்க வாங்க என்றார்கள். இந்துமதி காபி டம்ளரோடு நடுவில் நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா வலையை எடுத்தாள். தங்கமீனைப் பிடித்தாள்.

"கடிச்சதை விட்டுட்டு இதை ஏம்மா எடுக்குறே?" என்றார்.

"புண்ணு இதுக்குத்தானே சார்."

தனியாக ஒரு தொட்டியில் சுத்தமான தண்ணீரில் விட்டாள். கொஞ்சம் கல்லுப்பு போட்டாள்.

"எத்தனை நாள்ல சரியாகும்?"

"தெரியாது. தினம் பார்க்கணும்."

"அப்புறம் எதோட சேர்ப்பே?"

மேல் தட்டைக் காட்டினாள். அங்கே இதே மாதிரி குண்டு உடம்போடு, நீண்ட வாலோடு மூன்று தங்கமீன்கள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"இவ்வளவுதானா? இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நோட்டுல எழுதிக்கிட்டுப் போயிருப்பீங்க."

வேதாசலம் போனை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இந்துமதி சிரித்துக்கொண்டே வந்து காபி கொடுத்தாள்.

"துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன்பா."

அவர் காபியைக் குடித்தார். டம்ளரை வைத்தார். வழக்கம்போல எழுந்து போகவில்லை.

"ஏதாவது வேணுமாப்பா?"

"ஒண்ணும் வேணாம்மா. நீ உன் வேலையைப் பாரு. நான் சும்மா இங்க உக்காந்திருக்கேன்."

அவள் கீரை ஆய்ந்தாள். அவர் உட்கார்ந்திருந்தார். போன் இரண்டு முறை அடித்தது. எடுக்கவில்லை. அவள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார்.

கீரைத் தட்டின் மேல் அவள் கை அசையாமல் கிடந்தது.

"அப்பா, அங்க என் போன் யார்கிட்ட இருக்கும் தெரியுமா?" என்றாள்.

அங்கிருந்து ஆரம்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் சொல்லி முடித்தபோது தெரு விளக்கு போட்டிருந்தார்கள்.

வேதாசலம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சோளிங்கருக்குப் போன் செய்தார்.

"சம்பந்தி, நாளைக்கு வர வேண்டாம்."

"ஏன்? எப்போ வர்றது? நாள் சரியில்லையா?"

"நாளெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் வேதாசலம். "நான்தான் இன்னிக்குத்தான் பார்த்தேன்."