எக்ஸுக்கு ஒன்று போட்டால்

மலையடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன உத்தரவு கேட்டு வந்தாலும் குரு முதலில் ஒரு கணக்கைப் போடச் சொல்வார். குரு வடிவாம்பாள் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மடத்துக்கு வந்த பிறகும் சாக்பீஸ் அவரை விடவில்லை.

சீடர் சங்கிலிமுத்து அவரைவிடப் பத்து வயது மூத்தவர். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நல்ல மனுஷன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். போன வாரம் இவர் பந்தி பரிமாறும்போது கண் தெரியாத ஒருவர் ரசத்தைத் தட்டிவிட, இவர் போட்ட சத்தத்தில் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். வெட்கம் தாங்காமல் சங்கிலிமுத்து மலைக் குகையில் போய் உட்கார்ந்துகொண்டார். மூன்று நாள் கழித்து இன்றுதான் இறங்கி வந்தார்.

“டீச்சரம்மா, மூணு நாளும் கோபமே வரல. மனசு சுத்தமாயிடுச்சு. இனி குகையிலேயே இருந்துக்கறேன். உத்தரவு குடுங்க.”

வடிவாம்பாள் கரும்பலகையில் எழுதினார்: 5x + 4 − 2x − 2.

“இதைச் சுருக்குங்கண்ணே.”

சங்கிலிமுத்து 3x + 2 என்று எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எக்ஸ் உள்ளதையும் இல்லாததையும் ஒன்றாகக் கூட்டி, 5x என்று முடித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினார்.

“சரிதானான்னு பாத்தீங்களா?”

“பாக்காம இருப்பனா? எக்ஸுக்கு ஒன்னு போட்டேன். மேல அஞ்சு, கீழயும் அஞ்சு.”

“ரெண்டு போடுங்க.”

போட்டார். மேலே எட்டு வந்தது, கீழே பத்து. அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதே எட்டு, அதே பத்து.

“ஒன்னுக்குச் சரியா வந்துச்சே, டீச்சரம்மா!” குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

வடிவாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனிதர்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். இந்த மூன்று நாளும் சங்கிலிமுத்துவின் சத்தம் இல்லாத பந்தி அவருக்குப் பிடிக்கவே இல்லை.

“குகையில எத்தனை பேரு இருந்தீங்க?”

“நான் ஒருத்தன்தான்.”

சொல்லிவிட்டுப் பலகையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

சமையற்கட்டில் பந்திக்கு மணி அடித்தார்கள். வடிவாம்பாள் சாம்பார் வாளியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

“போறதுன்னா போங்கண்ணே, நான் தடுக்கல. இன்னைக்குப் பந்தியில நாப்பது பேரு. நாப்பதுக்கும் சரியா வருதான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க.”