தூளி கேட்ட பங்கு

முன்னொரு காலத்திலே ஒரு ராஜ்யம் இருந்தது. ராஜா பெயர் எனக்கு மறந்துபோச்சு. போகட்டும், பிள்ளை வளர்க்கிற கதைக்கு ராஜா எதற்கு? அங்கே ஆற்றங்கரையில் பரிசல்காரன் நஞ்சப்பனும் அவன் மனைவி பூவாயியும் கைக்குழந்தை தங்காயியோடு இருந்தார்கள்.

குழந்தையைக் குளிப்பாட்டுவது பூவாயி. துணி அலசுவது பூவாயி. பாலூட்டி ஏப்பம் விடவைப்பதும் பூவாயி. நஞ்சப்பனுக்கு ஒரே வேலைதான், தூளி ஆட்டுவது. அதையும் முனகிக்கொண்டேதான் செய்வான்.

அந்த முனகலைப் பரிசலில் வந்த மந்திரவாதி ஒருவன் கேட்டான். "இந்தா, பட்டுத் தூளி. தானே ஆடும்" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

தூளி ஆடியது. நஞ்சப்பன் குறட்டை விட்டான். ஆட ஆடக் குழந்தையின் எடை குறைந்தது. ஒருநாள் காலையில் பூவாயி தூக்கப் போனால், பிள்ளை இலவம்பஞ்சு மாதிரி எழும்பி விட்டத்தில் முட்டி நின்றது.

பூவாயி அலறினாள். நஞ்சப்பன் தூளியைப் பிடித்து உலுக்கினான். "எம்புள்ளைய என்ன பண்ணுன?"

"உன் வேலையை எனக்குத் தந்தாய். உன் பங்குப் பிள்ளையை எடுத்துக்கொண்டேன்" என்றது தூளி. "பொழுது சாய்ந்தால் முழுப் பிள்ளையும் எனக்கு. வேண்டுமானால் இவள் வேலையெல்லாம் நீ செய்து மீட்டுக்கொள். பாலூட்ட உன்னால் ஆகாது, அதை மட்டும் இவள் செய்யட்டும். மற்றதில் இவள் கை படக் கூடாது."

நஞ்சப்பன் உரல்மேல் ஏறிக் குழந்தையின் காலைப் பிடித்து இழுத்தான். காலை நீட்டி உட்கார்ந்து, அவளை மடியில் கிடத்தித் தண்ணீர் மொண்டான்.

"மூஞ்சில ஊத்தாதீங்க. குப்புறப் போட்டு, நெத்திக்குக் கைய அணை குடுங்க" என்றாள் பூவாயி. அவள் கை பரபரத்தது. முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

குளித்ததும் பிள்ளை கொஞ்சம் கனத்தது. அவளை முதுகில் கட்டிக்கொண்டு துணி அலசினான். இன்னும் கொஞ்சம் கனத்தது. பூவாயி பாலூட்டியதும் தோளில் போட்டுத் தட்டினான், தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். வெளியே வெயில் மங்கிக்கொண்டு வந்தது. ஏப்பம் வந்தது. கூடவே தயிராகக் கக்கலும் அவன் தோளில் வழிந்தது. பிள்ளை பழையபடி முழுசாகக் கனத்தது. பட்டுத் தூளி நூல்நூலாகப் பிரிந்து கீழே கொட்டியது.

"பூவாயி, கை வலிக்குது" என்றான்.

"வலிக்கட்டுமுங்க" என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அத்தனை நிம்மதி.

அவன் அவளுடைய பழைய சேலையில் தூளி கட்டி, பிள்ளையைப் போட்டான். "நீ படு. நான் பாத்துக்கறேன்."

பிள்ளை பெற்றதிலிருந்து முதல்முறையாக அவள் ஆழ்ந்து தூங்கினாள். அவளை எழுப்பாமல் மெல்லக் கிளம்புங்கள், கதை முடிந்தது.