பொந்துக்குள் இருந்தவளும் பழம் தின்ற பேரவையும்

மூன்று காடுகள் சேரும் இடத்தில் ஒரு பெரிய மரம் நின்றது. அதன் பொந்துக்குள் ஒரு இருவாச்சிப் பறவை தன் குஞ்சோடு அடைந்து கிடந்தாள்.

இருவாச்சிகளின் வழக்கம் அது. முட்டையிடும் காலத்தில் பெண்பறவை பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் விடும். உள்ளே போனதும் அதன் இறகெல்லாம் உதிர்ந்துவிடும். புது இறகு முளைத்து, குஞ்சும் பறக்கிற பருவத்துக்கு வரும்வரை புருஷன் கொண்டுவந்து ஊட்டுவதுதான் சாப்பாடு.

அந்தப் புருஷனை ஒரு ராசாளி அடித்துக் கொன்றுவிட்டது.

அது மழை பொய்த்த வருஷம் வேறு. பழம் மிச்சமிருந்த மரங்களைச் சுற்றி மூன்று காடுகளும் காவல் போட்டிருந்தன. வெளியாள் ஒரு காயைத் தொட்டாலும் உதைதான்.

அதே மரத்தின் உச்சியில் ஒரு மலையணில் குடியிருந்தாள். கண் திறக்கும் முன்பே தாயை இழந்தவள். குரங்குகளோடு மல்லுக்கட்டிக் கிளை பிடித்தவள். மரங்கொத்தியோடு பேரம் பேசிக் கூடு கட்ட இடம் வாங்கியவள். அவளுக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். தான் சேர்த்து வைத்திருந்த கொட்டைகளைக் கீறல் வழியாகக் கொடுத்துப் பார்த்தாள். அவள் சேமிப்பு எத்தனை நாளைக்கு வரும்? தீர்ந்துபோனது. குஞ்சு பசியில் கத்தியது. பிறகு கத்தவும் தெம்பில்லாமல் கிடந்தது.

அப்போதுதான் அந்த நல்ல சேதி வந்தது. மூன்று காடுகளும் கைகோத்து, எளியோர் நலப் பேரவை ஒன்றைத் தொடங்கியிருந்தன. ஒருவர் காட்டுக்கு இன்னொருவர் போனால் கௌரவம் என்னாவது? ஆகவே எல்லையில் இருந்த இதே மரத்தடியில் கூடினார்கள். மேட்டுக்காட்டிலிருந்து யானையார் வந்தார். ஓடைக்காட்டிலிருந்து காட்டெருமையார் வந்தார். மூங்கில்காட்டிலிருந்து கரடியார் வந்தார்.

கூடவே பழமும் வந்தது, மலை மலையாக. பசித்தவர்களைப் பற்றிப் பேசுவது லேசான வேலையா? வயிறு நிறைந்திருந்தால்தானே மனசு இளகும்!

அணில் இறங்கி வந்து இருவாச்சியின் நிலைமையைச் சொன்னாள். யானையார் உருகிப்போனார். தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்ததும், இவள் யார் பொறுப்பு என்று பேச்சு ஆரம்பித்தது. புருஷன் செத்தது மூங்கில்காட்டில், ஆகவே அவர்கள்தான் பார்க்க வேண்டும் என்றார் யானையார். மரத்தின் வேர் மேட்டுக்காட்டில் இருக்கிறதே என்றார் கரடியார். வேர் எங்கிருந்தால் என்ன, வாசல் எந்தப் பக்கம் என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டார் காட்டெருமையார். பொந்தின் வாசல் தன் காட்டைப் பார்த்திருப்பது பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. உடனே அந்த யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

கடைசியில், எதுவானாலும் சம்பந்தப்பட்டவள் நேரில் வந்து கேட்கட்டும் என்றார்கள்.

"வர முடியாததுதாங்க அவ கஷ்டமே," என்றாள் அணில்.

"வராமல் எப்படி நம்புவது?" என்றார் கரடியார். "ஆனால் ஒன்று, வந்துவிட்டால் அவள் இயலாதவள் ஆகமாட்டாள்."

"அப்போ வந்தாலும் கிடையாது, வராட்டியும் கிடையாது. அப்படித்தானே?"

"பேரவை விதி அப்படி," என்றார் காட்டெருமையார், அத்திப்பழத்தை அசைபோட்டபடி.

அணிலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கரடியின் மூக்கைக் கடித்துத் துப்பிவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் எத்தனையோ பேரத்தில் அடிபட்டுத் தேறியவள் அவள். தரமாட்டேன் என்பவனின் வாயைப் பார்த்துப் பிரயோசனமில்லை, அவன் வைத்திருக்கும் சரக்கைப் பார்க்க வேண்டும். பழக் குவியலைப் பார்த்தாள். வாலைச் சுருட்டிக்கொண்டு பணிவாக நின்றாள்.

அவள் பணிவு யானையாருக்குப் பிடித்துப்போனது. சும்மா நிற்கிறாயே, குரங்குகள் தூக்கிக்கொண்டு போகாமல் பழத்துக்குக் காவல் இரு என்றார்.

அணில் காவல் இருந்தாள். ஒரு குரங்கையும் அண்டவிடவில்லை. மூவரும் ஒருவர் முகத்துக்கு நேராக இன்னொருவர் கத்துகிற நேரம் பார்த்து, பழத்தைக் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறினாள். கீறல் வழியாக அலகு வெளியே வந்தது.

"எந்தக் காட்டுல குடுத்தாங்க?" என்று கேட்டாள் இருவாச்சி.

"மூணு காடும் சேர்ந்துதான் குடுக்குது, அக்கா. அதுங்களுக்குத்தான் விஷயம் தெரியாது."

பேரவை தினமும் கூடியது, பழமும் தினமும் வந்தது. குஞ்சு மறுபடி கத்தத் தொடங்கியது. தாய்க்கு இறகு முளைவிட்டது.

ஒருநாள் பெரிய ஆபத்து வந்தது. மூவரும் ஒத்துப்போய்விட்டார்கள்! மூன்று காடுகளிலும் இப்படி அடைபட்ட தாய்மார் எத்தனை பேர் என்று அடுத்த மழைக்காலத்தில் கணக்கெடுப்பது, அதன் பிறகு ஆளுக்குக் கொஞ்சம் பழம் கொடுப்பது. இதுதான் முடிவு. இன்றோடு பேரவை கலைகிறது. யானையார் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டார்.

அணில் ஓடிப்போய் மேலே சொன்னாள்.

"நல்லதுதானே," என்றாள் இருவாச்சி. "ஒருவழியா நமக்குன்னு ஒரு முடிவு எடுத்திருக்காங்களே."

"நாசமாப் போச்சு போ! அவங்க கலைஞ்சு போனா நாளைக்கு உனக்குப் பழம் ஏது? மழை வந்து, அவங்க எண்ணி முடிக்கிறப்போ இந்தப் பொந்துல எலும்புதான் இருக்கும். இறக்கை எப்படி இருக்கு?"

"பாதிதான் வளர்ந்திருக்கு. குஞ்சுக்கு அதுகூட இல்ல."

அணில் சரசரவென்று இறங்கினாள். மூவர் முன்னாலும் குனிந்து கும்பிட்டாள்.

"ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு. ஊரெல்லாம் போய்ச் சொல்லப்போறேன். ஒரே ஒரு சந்தேகம். சொல்றப்போ எந்தக் காட்டுப் பேரை முதல்ல சொல்லணும்?"

யானையாரின் தும்பிக்கை அந்தரத்தில் நின்றது. இதில் என்ன சந்தேகம், மேட்டுக்காடுதான் என்றார். கரடியார் உட்கார்ந்துவிட்டார். காட்டெருமையார் கொம்பை ஆட்டிக்கொண்டே, யோசனை யாருடையது என்பது உலகத்துக்கே தெரியும் என்றார்.

பேரவை நீடித்தது. அதுமட்டுமா? யார் காடு பெரியது என்று காட்டும் போட்டியில் பழக் குவியல் இரண்டு மடங்கானது. குதிரை பேரம்கூட இவ்வளவு லாபம் தராது. அந்தச் சண்டை எப்போதாவது ஆறுவதுபோல் தெரிந்தால், அறிவிக்கும்போது நடுவில் நிற்பது யார் என்று அணில் அப்பாவியாகக் கேட்டு வைப்பாள்.

கடைசியில் அவர்களுக்கே அலுத்துவிட்டது. எந்தக் காட்டின் பேரும் வேண்டாம், மூவரும் ஒரே குரலில் அறிவிப்போம் என்று முடிவானது. மிருகங்களையெல்லாம் கூட்டினார்கள். மூவரும் தொண்டையைச் செருமினார்கள்.

"பொந்துக்குள் வாடும் எங்கள் அருமைச் சகோதரிகளுக்கு..."

யானையாரின் தலையில் பொத்தென்று ஒரு மண்கட்டி விழுந்தது. அடுத்தது கரடியாரின் மூக்கில். இருவாச்சி உள்ளிருந்து வாசலைக் கொத்தி உடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தாள். இரண்டு பெரிய இறக்கைகளையும் விரித்து உதறினாள். பின்னாலேயே குஞ்சும் வந்தது. தத்தித் தத்திக் கிளை நுனிக்குப் போய், ஒரு முறை கீழே பார்த்தது. பிறகு பறந்தது.

கூட்டம் வாய் பிளந்து நின்றது.

முதலில் சுதாரித்தவர் கரடியார்தான். மூக்கில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, தீர்மானம் போட்ட அன்றைக்கே பலன் தெரிகிறது பாருங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். யானையார் அண்ணாந்து, நன்றியாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போம்மா என்றார்.

இருவாச்சி அவர்கள் தலைக்கு மேலே ஒரு வட்டம் அடித்தாள்.

"பழம் நல்லா இருந்துச்சுங்க," என்றாள். குஞ்சைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எந்தப் பழம்? மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு குவியலைப் பார்த்தார்கள். பேரவையின் பழம் குறைந்தது எப்படி என்று விசாரிக்க மறுநாளே கூடுவதென்று முடிவெடுத்தார்கள். அதற்கு மட்டும் மூன்று காடுகளும் ஒரு வார்த்தைகூட விவாதிக்காமல் ஒத்துப்போயின.

விசாரணைக்கும் பழம் வந்தது. காவலுக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டுமே என்று அதே அணிலைத்தான் வைத்தார்கள். பக்கத்துப் புதரில் கால் ஒடிந்து கிடந்த முள்ளம்பன்றிக்கு அன்று நல்ல சாப்பாடு.

நீதி: இயலாதவரின் பசிக்கு யார் பொறுப்பு என்று கூடிப் பேசுகிறவர்களை நம்பிக் காத்திருக்காதே, அவர்கள் பேசி முடிப்பதற்குள் கையில் கிடைத்ததை எடுத்துக் கொண்டுபோய் ஊட்டு.